சலவைத்தூள் எண்ணெயில் சிக்கும் நியூட்ரினோ

சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில், தரைக்கு 700 மீட்டர் ஆழத்தில், 35.4 மீட்டர் விட்டமுள்ள ஓர் அக்ரிலிக் உருண்டை இருக்கிறது. ஏறக்குறைய 12 மாடிக் கட்டடத்தின் உயரம். அதன் உள்ளே 20,000 டன் எண்ணெய். சுற்றிலும் பல்லாயிரம் டன் தூய நீர். நீருக்குள் நின்றபடி உருண்டையையே பார்த்துக்கொண்டிருக்கும் 43,000-க்கும் மேற்பட்ட ஒளிப்பெருக்கிக் குழாய்கள். ஜூனோ எனப்படும் ஜியாங்மென் நிலத்தடி நியூட்ரினோ ஆய்வகம் இதுதான். 2025 ஆகஸ்ட் 26ஆம் தேதி இந்தக் கருவி தரவு சேகரிக்கத் தொடங்கியது. நவம்பர் மாதமே முதல் முடிவுகள் வந்துவிட்டன. வெறும் 59 நாள் தரவைக் கொண்டு, நியூட்ரினோ உருமாற்றத்தைக் குறிக்கும் இரண்டு அளவுகளை, அதுவரை உலகத்துச் சோதனைகள் எல்லாம் சேர்ந்து எட்டியிருந்ததைவிட 1.6 மடங்கு துல்லியமாக ஜூனோ குழு அளந்து காட்டியது.

செய்தியை வாசித்த பலருக்கும் உருண்டையின் அளவுதான் மனத்தில் நின்றிருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெயைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அதன் பெயர் நேர்சங்கிலி அல்கைல் பென்சீன். ஆலைகளில் சுருக்கமாக 'லேப்' என்பார்கள். படிவம் ஐந்து வேதியியலில் துப்புரவுப் பொருள்கள் பாடம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இதே எண்ணெயோடு கந்தக அமிலம் வினைபுரிந்து, சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கப்பட்டால் கிடைப்பது சோடியம் அல்கைல்பென்சீன் சல்போனேட். நம் வீட்டுச் சலவைத்தூளில் அழுக்கை எடுக்கும் பொருள் அதுதான். சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் பல ஆண்டுகளாகத் தயாரித்துவரும் பொருளும் இதே லேப்தான்.

உலகின் மிக நுட்பமான இயற்பியல் கருவிகளில் ஒன்றின் நடுவில் சலவைத்தூளின் மூலப்பொருள் எப்படி வந்து உட்கார்ந்தது? நியூட்ரினோ ஆய்வின் எழுபது ஆண்டு வரலாறு இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. மலையைக் குடைய முடிந்த நாடுகளுக்கு மட்டுமே இந்தத் துறை சொந்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பாதிதான் உண்மை.

இரண்டு மின்னல்

நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை. நிறை அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். சூரியனிலிருந்து மட்டும் நம் கட்டைவிரல் நகத்தின் வழியாக விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் போகின்றன. இரவிலும்தான், அப்போது அவை பூமியைத் துளைத்துக்கொண்டு பாதத்தின் பக்கமிருந்து வருகின்றன. 1930ஆம் ஆண்டு இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று கணித்த வூல்ஃப்காங் பவுலியே, அதை யாராலும் பிடிக்க முடியாதோ என்று கவலைப்பட்டார்.

பிடித்தவர்கள் பிரெடரிக் ரைனஸ், கிளைட் கோவன் என்ற இரு அமெரிக்கர்கள். 1956ஆம் ஆண்டு, சவானா ரிவர் அணு உலையின் அருகே. அவர்கள் நம்பியதும் ஒரு திரவத்தைத்தான். ஆங்கிலத்தில் 'லிக்விட் சின்டிலேட்டர்' என்பார்கள். தமிழில் மிளிர்வுத் திரவம் எனலாம். மின்னூட்டமுள்ள ஒரு துகள் இந்தத் திரவத்தில் ஓடினால், ஓடிய இடத்தில் கண நேரம் மெல்லிய ஒளி தோன்றும். நியூட்ரினோ தானாக ஒளி தராது. ஆனால் அணு உலையிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோ எப்போதாவது ஒரு புரோட்டானில் மோதினால் ஒரு பாசிட்ரானும் ஒரு நியூட்ரானும் பிறக்கும். பாசிட்ரான் உடனே ஒரு மின்னலைத் தரும். நியூட்ரான் சற்று அலைந்து திரிந்து, இன்னோர் அணுக்கருவிடம் அகப்பட்டு, இரண்டாவது மின்னலைத் தரும். லேப் போன்ற எண்ணெயில் இந்த இடைவெளி விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. தனி மின்னல்கள் கோடிக்கணக்கில் வரும், அவற்றைத் தள்ளிவிடலாம். அடுத்தடுத்து, அருகருகே, குறித்த ஆற்றலுடன் இரண்டு வந்தால் அது நியூட்ரினோவின் வருகைப் பதிவு.

இந்த முறை இன்றுவரை மாறவில்லை. ஜூனோவிலும் இதே ஜோடி மின்னலைத்தான் தேடுகிறார்கள். எண்ணெயில் ஹைட்ரஜன் நிறைய இருப்பதால் மோதுவதற்குப் புரோட்டான்கள் தாராளம். எண்ணெயே இலக்கு, எண்ணெயே கண்ணாடி, எண்ணெயே விளக்கு.

மாறியிருப்பது கேள்வி. ரைனஸ் காலத்தில் 'இருக்கிறதா, இல்லையா' என்று கேட்டார்கள். இப்போது கேட்பது வேறு. நியூட்ரினோவில் மூன்று நிறைகள் உண்டு என்று தெரியும். அவற்றுக்கு இடையிலுள்ள வித்தியாசங்களும் ஓரளவு தெரியும். ஆனால் மூன்றாவது நிறை மற்ற இரண்டையும்விடக் கனமானதா, லேசானதா என்று இன்னும் உறுதியாகத் தெரியாது. இதற்கு 'நிறை வரிசை' என்று பெயர். பிரபஞ்சத்தில் ஏன் பொருள் மிஞ்சியது, எதிர்ப்பொருள் ஏன் மறைந்தது போன்ற பெரிய கேள்விகளை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் முதலில் இந்த வாசலைக் கடந்தாக வேண்டும்.

ஜூனோவுக்கு எதிர்நியூட்ரினோ தருபவை யாங்ஜியாங், தைசான் என்ற இரு அணுமின் நிலையங்கள். இரண்டும் உருண்டையிலிருந்து சுமார் 53 கிலோமீட்டர். (தைசான், ஜூனோ அமைந்திருக்கும் கைப்பிங் எல்லாம் நம் சீன நண்பர்கள் பலரின் முன்னோர்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறிய பகுதிகள். பினாங்கு கிங் ஸ்திரீட்டில் தைசான் மக்களின் சங்கம் இன்றும் இருக்கிறது.) இந்த உலைகளின் வெப்பத் திறனைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டால், விநாடிக்கு 100 டிரில்லியனுக்கும் மேற்பட்ட எதிர்நியூட்ரினோக்கள் அந்த உருண்டையைக் கடக்கின்றன. ஒரு நாள் முழுவதும் காத்திருந்தால் அகப்படுவது சில பத்து.

அந்தச் சில பத்தின் ஆற்றலையும் மிக நேர்த்தியாக அளக்க வேண்டும். 53 கிலோமீட்டர் பயணத்தில் நியூட்ரினோ வகை மாறி மாறி வருவதால், ஆற்றல் வரைபடத்தில் ஒரு பெரிய அலையும் அதன் மேல் சிறு சிறு நெளிவுகளும் விழும். அந்தச் சிறு நெளிவு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதில்தான் நிறை வரிசை ஒளிந்திருக்கிறது. ஆற்றல் அளவீட்டில் பிழை கூடினால் நெளிவு அழிந்து, பெரிய அலை மட்டுமே தெரியும். 10 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் பிழை 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஜூனோ இலக்கு வைத்தது. முந்தைய பெரிய கருவிகள் 5, 6 விழுக்காட்டில் நின்றவை.

5-ஐ 3 ஆக்குவது பெரிய வேலையா என்று கேட்கலாம். எண்ணிக்கையில் வரும் பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 விழுக்காடு வேண்டுமென்றால், ஒரு மின்னலுக்குக் குறைந்தது 1,100 ஒளித்துகள்களாவது குழாய்களில் பதிவாக வேண்டும். 6 விழுக்காட்டுக்கு அதில் கால்வாசி போதும். அதாவது பிழையைப் பாதியாக்க, ஒளியை நான்கு மடங்காக்க வேண்டும். அதுவும் முன்பைவிட இருபது மடங்கு பெரிய தொட்டியில்.

சமையல் குறிப்பு

இந்த இடத்தில்தான் இயற்பியலாளர்கள் வேதியியலாளர்களின் கதவைத் தட்டினார்கள்.

லேப் மட்டும் இருந்தால் போதாது. அது தரும் ஒளியை அதுவே விழுங்கிவிடும். எனவே லிட்டருக்கு 2.5 கிராம் 'பிபிஓ' என்ற பொடியைக் கரைக்கிறார்கள். மொத்தத் தொட்டிக்கு 50 டன்னுக்கும் மேல் வரும். கூடவே லிட்டருக்கு 3 மில்லிகிராம் 'பிஸ்-எம்எஸ்பி'. இது ஓர் அஞ்சலோட்டம். துகள் தந்த ஆற்றலை லேப் மூலக்கூறின் பென்சீன் வளையம் வாங்கி பிபிஓவிடம் கொடுக்கும். பிபிஓ அதைப் புற ஊதா ஒளியாக்கும். பிஸ்-எம்எஸ்பி அந்த ஒளியை வாங்கி நீல ஒளியாக மாற்றும். நீல ஒளியில்தான் லேப் தெளிவாக இருக்கிறது. குழாய்களின் கண்ணும் நீலத்தில்தான் கூர்மையாக இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் அந்த ஒளி குழாயின் உட்பூச்சில் பட்டு எலெக்ட்ரானைத் தள்ளுவது, படிவம் ஐந்தில் படிக்கும் ஒளிமின் விளைவேதான்.

இந்த அளவுகள் ஏதோ ஒரு சூத்திரத்திலிருந்து வந்தவை அல்ல. குவாங்டோங்கிலேயே நடந்த முந்தைய சோதனையான தாயா பே முடிந்த பிறகு, அதன் தொட்டி ஒன்றில் பல விகிதங்களை ஊற்றி ஊற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பிபிஓ குறைந்தால் ஒளி குறையும். கூடினால் பொடியிலுள்ள அசுத்தமும் சேர்ந்து வரும். உப்புப் போடுகிற சமையல்காரரின் கஷ்டம்.

அசுத்தம் என்று சொன்னேன். ஜூனோ கதையில் எனக்கு மிகவும் பிடித்த எண் இங்கேதான் இருக்கிறது. திரவத்தில் யுரேனியமோ தோரியமோ ஒரு கிராமுக்கு ஒரு கிராமின் 1,000 டிரில்லியனில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது குறைந்தபட்ச நிபந்தனை. 20,000 டன்னுக்குக் கணக்குப் பார்த்தால் மொத்தம் 20 மைக்ரோகிராம். சாதாரண மண்ணில் ஒரு கிராமுக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராம் யுரேனியம் இயல்பாகவே இருக்கிறது. ஆக, அந்த முழு உருண்டைக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி மண் கரைந்தால் இந்த அளவு தீர்ந்துவிடும். காற்றிலிருந்து ரேடான் வாயு சிறிதளவு கரைந்தாலும் தொல்லைதான்.

அதனால் எண்ணெய் நான்கு கட்டங்களைக் கடந்து போகிறது. அலுமினா தூண்களின் வழியாக ஓடி நிறக்கறைகளை இழக்கிறது. பிறகு வெற்றிடத்தில் வாலை வடிக்கப்படுகிறது. பிறகு தூய நீரோடு கலந்து பிரிக்கப்படுகிறது. உலோக அசுத்தங்கள் நீரோடு போய்விடும். கடைசியாக நைட்ரஜன், நீராவி போன்றவை அதன் ஊடாகச் செலுத்தப்பட்டு, கரைந்த வாயுக்கள் வெளியேற்றப்படுகின்றன. நான்குமே எஸ்.டி.பி.எம். வேதியியல் மாணவர் பெயர் சொல்லக்கூடிய முறைகள். ரகசியத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. அவற்றை மாதக்கணக்கில், ஒரு குழாய் மூட்டுகூடக் கசியாமல், ஒரு விரல் ரேகைகூடப் படாமல் செய்ததுதான் சாதனை. நிரப்பும் வேலையும் அப்படித்தான். முதலில் உருண்டைக்குள்ளும் வெளியிலும் தூய நீரை நிரப்பி, பிறகு உள்ளிருக்கும் நீரை வெளியேற்றிக்கொண்டே அந்த இடத்தில் எண்ணெயை விட்டார்கள். உள்ளும் புறமும் மட்டம் சிறிது பிசகினாலும் அக்ரிலிக் விரிசல் விடக்கூடும். ஆறு மாதம் பிடித்தது.

இப்போது அந்த எண்ணெயில் நீல ஒளி 20 மீட்டருக்கும் மேல் போகிறது. நீச்சல் குளத்தின் நீரைக்கூட இத்தனை தெளிவு என்று சொல்ல முடியாது.

மஞ்சளான திரவமும் ஓடையில் கலந்த திரவமும்

இந்த நிலைக்கு வருவதற்கு முன் இரண்டு அடி விழுந்தது. அவற்றைச் சொல்லாவிட்டால் லேப் ஏன் வென்றது என்பது புரியாது.

முதல் அடி பிரான்சில். 1997, 1998ஆம் ஆண்டுகளில் சூஸ் அணுமின் நிலையத்தின் அருகே நடந்த சோதனையில், 5 டன் திரவத்தில் கடோலினியம் என்ற உலோகத்தைக் கரைத்திருந்தார்கள். நியூட்ரானை விழுங்குவதில் கடோலினியத்துக்கு இணையில்லை. இரண்டாவது மின்னல் பளிச்சென்று கிடைக்கும். ஆனால் உலோகம் எண்ணெயில் நிம்மதியாக இருக்கவில்லை. மாதங்கள் போகப் போகத் திரவத்தின் தெளிவு குறைந்தது. சோதனையின் காலத்தையே திரவம் முடிவு செய்யும் நிலை வந்தது. பிற்பாடு வேதியியலாளர்கள் வேறு கரிம அமிலங்களைக் கொண்டு உலோகத்தைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதை லேப் எண்ணெயில் கரைக்கக் கற்றார்கள். அந்தத் திரவம்தான் தாயா பேயில் ஆண்டுக்கணக்கில் மங்காமல் நின்றது. 2012ஆம் ஆண்டு அங்கே அளக்கப்பட்ட ஓர் அளவு இல்லாவிட்டால் ஜூனோவைக் கட்டியே பயனில்லை என்றாகியிருக்கும்.

இரண்டாவது அடி இத்தாலியில். கிரான் சாசோ மலைக்கு அடியிலிருந்த போரெக்சினோ கருவி சூடோக்குமீன் என்ற திரவத்தைப் பயன்படுத்தியது. அருமையாக ஒளிரும், ஆனால் எளிதில் தீப்பற்றும், நெடி அடிக்கும், உயிரினங்களுக்குக் கேடு. 2002 ஆகஸ்டில் சுமார் 50 லிட்டர் கசிந்து மலைக்கு வெளியே ஓடையில் கலந்தது. 50 லிட்டர் என்பது ஒரு காரின் பெட்ரோல் தொட்டி அளவு. ஆனால் மக்கள் குடிக்கும் நீர் வரும் மலை அது. வழக்கு நடந்தது, கூடம் முத்திரையிடப்பட்டது, சோதனை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. பிறகு 2007ஆம் ஆண்டு தொடங்கி, சூரியனின் மையத்தில் நடக்கும் அணுக்கரு இணைவின் நியூட்ரினோக்களைப் போரெக்சினோ ஒவ்வொரு வகையாக அளந்து புகழ்பெற்றது என்பது வேறு கதை.

லேப் 130 பாகை செல்சியஸ் தாண்டினால்தான் தீப்பற்றும் ஆவி விடும். நெடி குறைவு, நச்சுத்தன்மை குறைவு, அக்ரிலிக்கை அரிக்காது. சலவைத்தூளுக்காக லட்சக்கணக்கான டன் கணக்கில் உற்பத்தியாவதால் விலையும் மலிவு. கனடாவில் ஸ்நோ பிளஸ் குழு தனக்கு வேண்டிய லேப்பை கியூபெக்கில் உள்ள ஓர் ஆலையிலிருந்து வாங்கியது. பாதுகாப்பும் விலையும் இங்கே இயற்பியலுக்கு அப்பாற்பட்ட விஷயங்களாக இல்லை. எந்தச் சோதனை நடக்கும், எது நடக்காது என்பதைத் தீர்மானிப்பவையாக இருந்தன.

தேனியில் நின்றுபோன கேள்வி

இதைச் சொன்னவுடன் தமிழர்களுக்கு இயல்பாகவே நினைவுக்கு வருவது தேனி மாவட்டம் பொட்டிப்புரம். ஐஎன்ஓ எனப்படும் இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அங்குள்ள போடி மேற்கு மலையில் அமைய இருந்தது. அதன் கருவி திரவம் அல்ல. 50,000 டன் இரும்புத் தகடுகளும் இடையே வாயு உணரிகளும். ஆனால் விடை தேடிய கேள்வி ஜூனோவின் அதே கேள்வி: நிறை வரிசை. சீன அறிவியல் கழகம் ஜூனோவுக்கு 2013ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. இந்திய அமைச்சரவை ஐஎன்ஓவுக்கு 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. ஓட்டம் ஏறக்குறைய ஒரே கோட்டில் தொடங்கியது. ஒன்று இன்று தரவு தருகிறது. மற்றொன்றின் மலையில் சுரங்கம் தோண்டப்படவே இல்லை.

'மக்கள் அறியாமையால் எதிர்த்தார்கள்' என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் உண்டு. நான் அப்படி முடிக்க மாட்டேன். எதிர்ப்பில் இரண்டு வகை வாதங்கள் கலந்திருந்தன. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை; விநாடிக்கு 6,500 கோடி ஏற்கெனவே நகத்தின் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் மலையை வெடி வைத்துக் குடைவது, பாறைக் கழிவு, நீர், காட்டு விலங்குகளின் வழித்தடம் ஆகியவை பற்றிய கேள்விகள் நியாயமானவை. இடம் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்தது. 2017ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது நடைமுறைக் குறைபாடுகளால்தான்; நியூட்ரினோ மீதான பயத்தால் அல்ல. 2018ஆம் ஆண்டு புது அனுமதி கிடைத்தும், 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது.

சீனாவில் எதிர்ப்புக்கு இடமே இல்லை, அதனால் கட்டிவிட்டார்கள் என்பதும் முழுக்கச் சரியல்ல. ஜூனோ இருக்கும் அதே ஜியாங்மென் வட்டாரத்தில், ஹெஷானில், அணு எரிபொருள் ஆலை ஒன்று வருவதாக இருந்தது. 2013 ஜூலையில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆலைத் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில்தான் ஜூனோவுக்கு ஒப்புதல் கிடைத்தது. மக்கள் அணு எரிபொருள் ஆலையையும் நியூட்ரினோ ஆய்வகத்தையும் வெவ்வேறாகப் பார்க்கக்கூடியவர்கள்தான்; யார், எப்போது, எந்த மொழியில் விளக்கினார்கள் என்பதைப் பொறுத்தது அது. தேனியில் விளக்கம் தாமதமாக வந்தது என்பது என் கருத்து.

தமிழர்களுக்கு இதில் பழைய பந்தமும் உண்டு. 1965ஆம் ஆண்டு கோலார் தங்கவயலில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். அந்தச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கே பயன்பட்டது பிளாஸ்டிக் மிளிர்வுப் பலகை. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ரைனஸ் மிளிர்வுத் திரவத்தைக் கொண்டு அதையே பதிவு செய்தார். பதிவில் அவர் முந்தினார். ஆய்வுக் கட்டுரையில் கோலார் முந்தியது.

டத்தோ கிராமாட்டிலிருந்த உலோகம்

சரி, பினாங்கில் இருக்கும் மாணவருக்கு இதில் என்ன இருக்கிறது?

டத்தோ கிராமாட் சாலையில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் இடத்தில் முன்பு ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் ஆலை இருந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களிலிருந்து வந்த தாது அங்கே உருக்கப்பட்டு உலகம் முழுவதும் போனது. (நம் ஊரில் ஈயம் என்றால் வெள்ளீயம், பேட்டரியில் இருப்பது காரீயம். வேதியியல் தாளில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அந்த வெள்ளீயத்துக்கு இயற்கையில் பத்து நிலையான ஐசோடோப்புகள் உண்டு, வேறு எந்தத் தனிமத்துக்கும் இத்தனை கிடையாது. அவற்றில் மிகக் கனமான வெள்ளீயம்-124, 5.8 விழுக்காடு. நிலையானது என்று எண்ணப்பட்டாலும், கோட்பாட்டின்படி அது இரட்டைப் பீட்டாச் சிதைவு அடையக்கூடும்.

இந்தச் சிதைவு நியூட்ரினோ எதையும் வெளியிடாமல் நடப்பதை ஒரே ஒருமுறை உறுதியாகக் கண்டுவிட்டால், நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒன்றே என்று நிரூபணமாகிவிடும். அதற்கான தேடலில் உலகம் இப்போது மிளிர்வுத் திரவத்தில் தனிமங்களைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் காம்லேண்ட்-ஸென் 745 கிலோ செனானைக் கரைத்துத் தேடியது. ஸ்நோ பிளஸ், லேப் எண்ணெயில் டெலூரியத்தைக் கரைக்கும் வேதியியலை உருவாக்கியது. கொரிய ஆய்வாளர்கள் வெள்ளீயக் கரிமச் சேர்மம் ஒன்றை மிளிர்வுத் திரவத்தில் கலந்து பார்த்தார்கள். ஐஎன்ஓவை ஒட்டி இந்தியாவில் திட்டமிடப்பட்ட 'டின்-டின்' முயற்சியும் வெள்ளீயம்-124-ஐயே தேர்ந்தெடுத்தது. அது திரவம் அல்ல, மிகக் குளிர்ந்த திட உலோகம்.

இந்த ஆய்வுகளின் முதல் படி எல்லாம் மலைக்குள் நடப்பதில்லை. ஒரு லிட்டர் எண்ணெய், தராசு, புற ஊதா விளக்கு, ஒரு நிறமாலைமானி, ஓர் ஒளிப்பெருக்கிக் குழாய். எந்த அமிலம் எந்த உலோகத்தை எண்ணெயில் நிறுத்தும், ஓராண்டு கழித்தும் அது தெளிவாக இருக்குமா, ஒளி எவ்வளவு குறையும் என்பவை மேசை மேல் விடை காணக்கூடிய கேள்விகள். சூஸ் திரவம் தோற்றதற்கும் தாயா பே திரவம் நின்றதற்கும் நடுவில் இருந்தது இப்படிப்பட்ட மேசைகள்தான். மின்டென் வளாகத்தில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையும் வேதியியல் துறையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. மிளிர்வுத் திரவத்தைக் கொண்டு கதிரியக்கத்தை எண்ணும் கருவிகள் உயிரியல், மருத்துவ, சுற்றுச்சூழல் ஆய்வகங்களில் ஏற்கெனவே புழங்குகின்றன.

ஒளியின் பக்கமும் நமக்குப் பழக்கமானதே. 1972ஆம் ஆண்டை ஒட்டிப் பாயான் லெப்பாசுக்கு வந்த முதல் எட்டு மின்னணு நிறுவனங்களில் ஒன்றான லிட்ரோனிக்ஸ் செய்தது ஒளி உமிழும் டையோடு. ஜூனோவின் 20 அங்குலக் குழாய்களில் ஏறத்தாழ 5,000 ஜப்பானின் ஹமாமட்சு செய்தவை. 15,000 சீனாவிலேயே இந்தத் திட்டத்துக்காக உருவாக்கப்பட்டவை. தொடங்கும்போது அந்த அளவுக் குழாயைச் சீனாவில் யாரும் செய்ததில்லை.

இன்னொரு பயன், இந்த வட்டாரத்துக்கே உரியது. பாங்கியில் 1982 முதல் ஒரு மெகாவாட் ஆய்வு உலை இயங்குகிறது. 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுமின்சாரம் ஒரு தெரிவாக மீண்டும் பேசப்படுகிறது. ஓர் உலையை வெளியிலிருந்தே, உள்ளே கை வைக்காமல் கண்காணிக்க எதிர்நியூட்ரினோ போல வசதியானது வேறில்லை. எந்தச் சுவராலும் அதை மறைக்க முடியாது. கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே நிலையத்தில் ஒரு டன்னுக்கும் குறைவான கடோலினியத் திரவத்தைக் கொண்டே உலை ஓடுகிறதா, நிற்கிறதா என்று கண்டுகாட்டினார்கள். வரவிருக்கும் உலைகளுக்கு அருகில் அப்படி ஒரு கருவி வைக்க வேண்டும் என்று கேட்பவர் முதலில் அந்தத் திரவத்தை அறிந்தவராக இருக்க வேண்டும்.

நிறை வரிசையை ஓரளவு உறுதியாகச் சொல்ல ஜூனோவுக்குச் சுமார் ஆறு ஆண்டுத் தரவு தேவை. இன்று படிவம் நான்கில் இருப்பவர் அப்போது பட்டப்படிப்பை முடிக்கும் வயதில் இருப்பார். கருவியின் ஆயுள் 30 ஆண்டு என்று திட்டம். பிற்காலத்தில் அதே எண்ணெயில் வேறொரு தனிமத்தைக் கரைத்து இரட்டைப் பீட்டாச் சிதைவைத் தேடும் யோசனையும் இருக்கிறது. அதற்கு முதலில் அந்த 20,000 டன் எண்ணெயும் மஞ்சளாகாமல் இருக்க வேண்டும்.